பணவீக்கம் இறங்க, கோடு ஏறினால்

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். அடுத்த ஆண்டு அதே மாதம் 1.3. 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே, -0.5. இந்த மூன்றையும் பைதனில் படம் வரையும் மட்பிளொட்லிப்பில் போட்டால் கோடு சரேலென்று விழவேண்டும். சிலருக்கு அது ஒரே சாய்வில் மேலே ஏறி நிற்கும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கிய புதுக் கணினியைச் சந்தேகிக்க வேண்டாம்; நிலைக்குத்து அச்சைப் பாருங்கள். அடியில் 69.8%, நடுவில் 1.3%, உச்சியில் -0.5%.

அந்தச் சதவீதக் குறிதான் காரணம். அது ஒட்டியிருந்தால் எண்ணும் எழுத்தாகவே வாசிக்கப்படும். எழுத்துக்குச் சிறிது பெரிது கிடையாது. வந்த வரிசையில், கீழிருந்து மேலாக, சம இடைவெளியில் அடுக்கிவிடும். ஆயிரத்துக்கு இடும் காற்புள்ளியும் இதே வேலையைச் செய்யும்.

முதலில், அட்டவணையை வாசிக்கும் பாண்டாஸில், நிரல்களின் தரவு வகையைக் காட்டும் டீடைப்ஸ் பாருங்கள். ஃபுளோட் என்று வராமல் ஆப்ஜெக்ட் என்றோ ஸ்ட்ரிங் என்றோ வந்தால் கள்ளன் அகப்பட்டான். ரிப்ளேஸ் கொண்டு குறியையும் காற்புள்ளியையும் நீக்கிவிட்டு எண்ணாக மாற்ற டு_நியூமெரிக் கொடுங்கள். பிழையை விழுங்கிவிடும் 'கோஎர்ஸ்' தெரிவை எடுத்தவுடன் போடாதீர்கள். பிடிஎப் அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டிய -0.5இன் கழித்தல் குறி, விசைப்பலகையில் உள்ள சிறு கோடாக இல்லாமல் அச்சுக்கென்று உள்ள வேறு கோடாக இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பைதனுக்கோ அது எண்ணே அல்ல. கோஎர்ஸ் போட்டிருந்தால் அந்த மாதம் சத்தமின்றி வெற்றிடமாகிவிடும். அந்தக் குறியையும் விசைப்பலகைக் கோடாக மாற்றுங்கள்.

இனிக் கோடு விழும். ஆனால் எல்லா மாதங்களையும் வரைந்தால், 69.8 இருக்கும்வரை பிந்திய மாதங்களின் ஏற்ற இறக்கம் தரையோடு ஒட்டிக் கிடக்கும். உடனே மடக்கை அளவிடைக்குப் போகத் தோன்றும். அதில் மறை எண்ணுக்கு இடமில்லை; -0.5 வருமிடத்தில் கோடு படத்துக்குக் கீழே பாய்ந்து காணாமற் போகும். பூச்சியத்தின் அருகில் மட்டும் சாதாரண அளவிடையாக இருக்கும் 'சிம்லாக்' தாங்கும்தான், ஆனால் அதைப் பொதுவாசகருக்கு விளங்கப்படுத்துவது பெரும்பாடு. பணவீக்கம் உச்சத்தில் இருந்த மாதங்களை ஒரு படம், தணிந்த பிந்திய மாதங்களை ஒரு படம் என்று பிரிப்பதே என் தெரிவு.

பிரித்தால், ஒவ்வொரு படமும் தன்னிலுள்ள தரவை ஒட்டியே எல்லையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சதவீத அசைவும் மலையாகத் தெரியும். ஆகவே செட்_ஒய்லிம் கொண்டு எல்லையை நீங்களே கொடுங்கள், அதுவும் எல்லாக் கோடுகளையும் வரைந்த பின். முந்திக் கொடுத்தால் தானியங்கி அளவிடை நின்றுவிடும். பிறகு சேர்க்கும் கோடு எல்லைக்கு வெளியே விழுந்தாலும் எச்சரிக்கை வராது.

எல்லை எங்கிருந்து தொடங்கவேண்டும்? பட்டை வரைபு பூச்சியத்திலிருந்து எழவேண்டும்; நீங்கள் எல்லை கொடுக்காவிட்டால் அதை மட்பிளொட்லிப் தானே பார்த்துக்கொள்ளும். டொலர் விலை போன்றவற்றின் கோட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அச்சு எந்த எண்ணில் தொடங்குகிறது என்பதை மட்டும் படத்தின் கீழ் எழுதிவிடுங்கள்.