தொண்டும் தேர்தலும்

நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் கண்விழித்திருப்பவர் செவிலியர். மருந்தை அளந்து கொடுப்பதும், புண்ணைக் கழுவிக் கட்டுவதும் அவர்தம் கடமைகளாம். அப்பணியை நாள்தோறும் ஆற்றுவோர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமற் போகாது. வயிற்றுப்போக்கு நீங்கி வீடு சென்ற குழந்தை, அடுத்த மாதமே அதே நோயுடன் திரும்பி வருகிறது. அக்குழந்தையின் ஊர்க்கிணறு தூய்மையாகாத வரையில் மருந்து என்ன செய்யும்? கிணற்றைத் தூய்மை செய்விக்கும் அதிகாரமோ மருத்துவமனையிடம் இல்லை, ஊராட்சியிடம் இருக்கிறது. இதனை உணர்ந்தோர் சிலர், தொண்டு செய்த கையோடு தேர்தல் களத்திலும் இறங்கினர்.

நம் கோயம்புத்தூர் நகரின் வரலாறே இவ்வுண்மைக்குச் சான்றாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிளேக் என்னும் கொள்ளைநோய் அந்நகரைப் பலமுறை தாக்கியது. அந்நாளின் துயரத்தை, அங்குள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் நினைவூட்டுகின்றன. எலிகளின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சிகளால் பரவும் அந்நோய், காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான வீடுகளில் வேகமாய்ப் பரவிற்று. நகரை விரிவாக்கினாலன்றி விடிவு இல்லை என்பது தெளிவாயிற்று. அகன்ற தெருக்களோடு அமைந்த இரத்தினசபாபதிபுரம், நகரசபைத் தலைவராய் விளங்கிய இரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் வழங்குகிறது. சிறுவாணி மலையின் நன்னீரைக் கோவை மக்களுக்குக் கொணரப் பாடுபட்டவரும் அவரே. அகன்ற தெருவும் நன்னீரும் மருந்துக்கடையில் கிடைப்பன அல்ல; நகரசபையின் தீர்மானத்தாற் கிடைப்பன.

கோவையிலிருந்து பழனி வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை திண்டுக்கல்லை அடைகிறது. அதன் அருகே, நெசவுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற சின்னாளபட்டியில் தொண்டு தொடங்கி, தில்லிப் பாராளுமன்றம் வரை சென்றவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார்.

அவர் 1904ஆம் ஆண்டு பிறந்தார். பெருந்தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் திருமகளார். இளமையிலேயே மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்கள் மூலையில் முடங்கிக் கிடந்த காலம் அது. சௌந்தரம் அம்மையாரோ முடங்கவில்லை. தில்லி சென்று, லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியிற் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே காந்தியடிகளின் தொண்டர் ஜி. இராமச்சந்திரனைக் கண்டு, அவரை மணக்க விரும்பினார். காந்தியடிகளின் சொற்படி இருவரும் ஓராண்டு பிரிந்திருந்தனர். மனம் மாறாமை கண்டு, 1940இல் அடிகளே முன்னின்று மணம் முடித்து வைத்தார். சாதி, மொழி ஆகிய இரு வேலிகளையும் கடந்த கைம்பெண் மறுமணம் அது.

அன்னை கஸ்தூரிபா மறைந்தபின் அவர் பெயரால் ஒரு நினைவு நிதி நிறுவப்பட்டது. கிராமப் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நலமே அதன் நோக்கம். அதன் தமிழ்நாட்டுப் பணியைக் காந்தியடிகள் சௌந்தரம் அம்மையாரிடம் ஒப்புவித்தார். சின்னாளபட்டியில் ஒரு சிறு மருத்துவ விடுதி தோன்றியது. 1947இல் கணவரும் மனைவியுமாகக் காந்திகிராமத்தை நிறுவினர். கிராமத்துப் பெண்களுக்குத் தாதியர் பயிற்சியும் கிராமசேவிகைப் பயிற்சியும் அங்கே அளிக்கப்பட்டன. அம்மையார் தாம் ஒருவராய் ஆற்றும் பணி, பலர் கைகளாற் பெருகியது.

அவ்வாறிருக்க, அரசியல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நோயாளியை விட்டுச் சபைக்குச் செல்வது தொண்டைத் துறப்பதாகாதா? ஆகாது. ஒரு மருத்துவமனை சில ஊர்களைக் காக்கும். நல்ல சட்டமோ நாட்டின் எல்லா ஊர்களுக்கும் பொதுவாம். பள்ளி, சாலை, குடிநீர் ஆகியவற்றிற்குப் பணம் ஒதுக்குவோர் நடுவே, கிராமத்தின் துயரை நேரிற் கண்ட ஒருவர் அமர்ந்திருத்தல் வேண்டும்.

1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆத்தூர்த் தொகுதி மக்கள் அம்மையாரைச் சென்னைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். 1957இல், கொங்கு நாட்டை அடுத்த வேடசந்தூர் அவரைத் தேர்ந்தெடுத்தது. 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவை உறுப்பினராகி, மத்திய அரசிற் கல்வித் துணை அமைச்சரும் ஆனார். பத்மபூஷண் விருதும் அவ்வாண்டே அவரைச் சேர்ந்தது.

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். பதவியையே பொருளாகக் கருதியோர் தோல்வியில் சோர்ந்துவிடுவர். அம்மையாருக்கோ திரும்பிச் செல்ல ஓர் இடம் இருந்தது. காத்திருக்கும் பணியும் இருந்தது. காந்திகிராமத்திலே தம் தொண்டைத் தொடர்ந்து, 1984இல் மறைந்தார்.

இவ்வழி டாக்டர்களுக்கு மட்டும் உரியதன்று, செவிலியர்க்கும் உரியதே. கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்திற் பிறந்த சோஜன் ஜோசப் என்பவர், செவிலியராய் இங்கிலாந்து சென்று, மனநோயாளிகளைப் பேணும் பணியில் ஈடுபட்டார். பின்னர் ஆஷ்போர்டு என்னும் ஊரின் மன்ற உறுப்பினரானார். 2024ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அத்தொகுதி மக்கள் அவரை இலண்டன் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தனர். நோயாளியின் கட்டிலிலிருந்து ஊர்மன்றம், ஊர்மன்றத்திலிருந்து நாட்டின் மன்றம் எனப் படிப்படியாய் அவர் உயர்ந்தார்.

நம் நாட்டிலும் அப்படிகள் திறந்தே இருக்கின்றன. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தங்கள், உள்ளாட்சி மன்றங்களில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கின. 2016இல் தமிழ்நாடு அதனைச் சரிபாதியாக உயர்த்தியது. முதற்படி நம் ஊரிலேயே இருக்கிறது.

மாணவர்களே! நாளை உங்களிடம் வாக்குக் கேட்டுப் பலர் வருவர். அவர்தம் பேச்சின் இனிமையை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள். வாக்குக் கேட்பதற்கு முன்னர் அவர் யாருடைய துயரைத் துடைத்தார் என்று கேளுங்கள். நீங்களே ஒருநாள் வாக்குக் கேட்டுச் செல்ல நேர்ந்தால், அக்கேள்விக்கு விடையாக உங்கள் வாழ்வு அமையட்டும்.