கல்லூரிப் பிள்ளைகளும் மாலை உணவும்

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களிலுள்ள நம் ஊர்களிலிருந்து மேற்படிப்பிற்காகச் சென்னை செல்லும் பிள்ளைகள் பலர். விடுதிகளில் இரவுணவு பெரும்பாலும் ஏழரை, எட்டு மணிக்கே பரிமாறப்படும். பொழுது சாய்ந்தபின் உண்ணலாகாது என்னும் நெறியில் வளர்ந்த பிள்ளை அங்கே நெறியைக் கைவிட வேண்டும். அல்லது ரொட்டித் துண்டும் வாழைப்பழமுமாக அரைவயிற்றுடன் படுக்க வேண்டும். இவ்விரண்டையும் விரும்பாதோர் இருவர் மூவராகக் கூடி அறை எடுத்துத் தாமே சமைத்துக்கொள்கின்றனர். அவர்களுக்காகவும் அவர்தம் பெற்றோர்க்காகவுமே இப்பாடம்.

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். சென்னையில் ஜூலை மாதத்தில் கதிரவன் மறைவது மாலை 6.40 மணியளவில். நவம்பரிலோ 5.40 மணியளவிலேயே மறைந்துவிடுகிறது. வகுப்பு முடிந்து, பேருந்து பிடித்து, அறைக்கு வந்துசேர 5.15 ஆகுமெனில், ஜூலையில் கைவசம் 85 நிமிடங்கள். நவம்பரில் 25 நிமிடங்களே. ஆடியில் எளிதாகக் கடைப்பிடித்த பழக்கம் ஐப்பசி, கார்த்திகையில் தளர்வதற்கு மனவுறுதிக் குறைவு காரணமன்று. இந்தக் கணக்கே காரணம். பெற்றோர் கடிந்துகொள்ளுமுன் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆதலின் மாலையுணவைக் காலையிலேயே தொடங்க வேண்டும். பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பிற்குள் நுழையலாகாது என்று ஆசிரியப் பயிற்சியில் கற்பிப்போம். அடுப்படிக்கும் அதுவே விதி.

காலையில் ஐந்து லிட்டர் குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்தால் பருப்பும் சோறும் ஒருசேர வெந்துவிடும். ஒருவருக்கு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 100 கிராம் அரிசியும் 30 கிராம் துவரம்பருப்பும் கொள்க. பருப்பை அரைமணி முன்னதாக ஊறவைத்தால் விரைவில் வேகும். அரிசியின் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவுபடும் மெதியோனினை அரிசி ஈடுசெய்கிறது. ஆகவே எலுமிச்சைச் சோறும் ஊறுகாயுமாக நாள் கடத்துதல் தகாது. (நம் பிள்ளைகள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றனர்!)

காலைச் சோற்றையே மாலைக்கும் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பர். அரிசியில் இயல்பாகக் காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் மடிவதில்லை. சோறு வெதுவெதுப்பாகப் பல மணிநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை விளைவிக்கும் அந்த நஞ்சு, சோற்றை மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத அறையில் காலைச் சோற்றை மாலைக்கு வைப்பது எனக்கு உடன்பாடன்று. வேண்டிய அளவே வடித்து, நண்பகலுக்குள் உண்டு முடித்துவிடுக.

அந்த 25 நிமிடங்களுக்கு ஏற்றது அவலும் பயறும். முழுப் பாசிப்பயற்றைக் காலையில் நீரில் ஊறவைத்துச் சென்றால், மாலையில் நீரை மாற்றிக் குக்கரிலிட, பத்து நிமிடத்தில் வெந்துவிடும். அது வேகும்போதே மெல்லிய அவலைக் களைந்து பிழிந்து வைத்தால் மென்மையாகிவிடும். கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து இரண்டையும் கலந்து, தேங்காய்த்துருவல் சேர்த்தால் போதும். ஞாயிறன்று ரவையை வறுத்து வைத்துக்கொண்டால் மற்றொரு நாள் உப்புமாவிற்கு ஆகும். வீட்டிலிருந்து பருப்புப்பொடி அனுப்பும் தாய்மார், ஈரக்கரண்டி படலாகாது என்பதையும் சொல்லியனுப்புக.

ஆய்வக வகுப்பு ஆறு மணிவரை நீளும் நாளில் சப்பாத்தியும் அப்பொடியும் கட்டிச் சென்று மாலை இடைவேளையில் உண்ணலாம். அன்று அதுவே இரவுணவு. அளவைக் குறைத்துக் கட்டலாகாது.

நீரைத் துணியில் வடிகட்டுதல் நம் வழக்கம். சிற்றுயிர்களை அது காக்கும். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமிகள் துணியைக் கடந்துவிடும். வடித்த நீரைக் கொதிக்கவைத்தே பருகுக.

அறை தேடுவோர் வாடகையை மட்டும் கேட்டு வருகின்றனர், மின்செருகியைப் பார்ப்பதில்லை. 2000 வாட் தூண்டல் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். விளக்கிற்கும் விசிறிக்குமான 6 ஆம்பியர் செருகி அதனைத் தாங்காது. 16 ஆம்பியர் செருகி இருத்தல் வேண்டும்.

மகளுக்குச் சமையல் கற்பித்து மகனுக்குக் கற்பிக்காத இல்லங்கள் நம்மிடையே இன்னும் உள்ளன. கல்லூரியில் சேருமுன் வரும் கோடை விடுமுறையில் பதினைந்து நாட்கள் மாலையுணவை அவனே சமைக்கட்டும். தாய் கூடத்தில் அமர்ந்திருக்கட்டும், அடுப்படிக்கு வரவேண்டாம். முதல்நாள் ஒரு மணி நேரமும் ஆகலாம், ரவை கட்டிதட்டலாம். 5.15க்கு அடுப்பேற்றி 5.40க்குள் தட்டில் உணவு வரும்வரை பயிற்சி தொடரட்டும்.