128 ஜிபி போதுமா?

கேள்வி: வீட்டு கம்ப்யூட்டரில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. கேம் ஆடத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். விலை குறைவு என்பதால் 128 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போடலாமா?
- கல்லூரி மாணவர், பொட்டிபுரம்

பதில்: நியூட்ரினோ ஆய்வகத்துக்காக மலையைக் குடைய இடம் பார்த்த ஊரிலிருந்து இடப் பற்றாக்குறைக் கேள்வி!

விண்டோஸ் சட்டென்று திறக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் போடலாம். கேமுக்கென்றால் வேண்டாம். அட்டையில் 128 என்றிருந்தாலும் விண்டோஸ் 119 என்றுதான் காட்டும். விண்டோஸும் அப்டேட்களும் அதில் நல்ல பங்கைத் தின்றுவிடும். எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பினால் எழுதும் வேகமும் படுத்துவிடும், கொஞ்சம் காலியாக விட வேண்டும். மிச்ச இடத்தில் வேலோரன்ட் அடங்கிவிடும். ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ கேட்பதோ 150 ஜிபி. ‘ஸ்டார்ஃபீல்ட்’ 125 ஜிபி, அதுவும் எஸ்எஸ்டியில்தான் வேண்டும் என்கிறது.

ஒன்றை அழித்துவிட்டு இன்னொன்றை இறக்கலாமே என்பீர்கள். 30 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 150 ஜிபி இறங்க 11 மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் இன்னும் இழுக்கும். அதைவிட, கேம்களை ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, அப்போது ஆடுவதை மட்டும் ஸ்டீமின் ‘மூவ்’ வசதியால் எஸ்எஸ்டிக்கு மாற்றலாம். அதற்கும் 500 ஜிபியாவது இருந்தால்தான் நிம்மதி.

எஃப்பிஎஸ் எகிறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது கிராபிக்ஸ் கார்டின் வேலை. இங்கே குறைவது லோடிங் நேரம். மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் இருக்கிறதா, அது என்விஎம்இ-யை ஏற்குமா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். இல்லையென்றால் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள்.