கரப்பானுக்கு ஊசி மருந்து

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. தீராத கரப்பான், ராத்திரியெல்லாம் சொறிகிறான். பயாலஜிக் ஊசி போடலாமா?
– வாசகி, ஜீவனஹள்ளி, பெங்களூரு

பதில்: களிம்பும் ஈரப்பசைக் கிரீமும் முறையாகப் பூசியும் அடங்காவிட்டால் போடலாம்.

டுபிலுமாப் என்ற இந்த மருந்துக்கு அமெரிக்கா 2017 மார்ச்சில் பெரியவர்களுக்கு அனுமதி தந்தது. 2022-இல் ஆறு மாதக் குழந்தை வரை அது நீண்டது. தோலில் அழற்சியையும் அரிப்பையும் கிளப்பும் ஐ.எல்-4, ஐ.எல்-13 புரதங்கள் செல்லில் ஒட்டும் இடத்தை இது அடைத்துவிடுகிறது. ஸ்டீராய்டு மாத்திரைபோல் நோயெதிர்ப்பு முழுவதையும் ஒடுக்குவதில்லை. பல இரவுகள் தூங்காத பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

சிறுவர்களுக்கு எடை பார்த்தே அளவு. கண் சிவந்து உறுத்தினால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். விலை அதிகம், நோயை அடக்குமே தவிர வேரறுக்காது. சிவாஜிநகர் பௌரிங் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் முதலில் காட்டலாம்.