போன்சாய் வடிவங்கள்: மரம் அறிந்து தேர்தல்

ஜப்பானியப் போன்சாய்க் கலையின் மரபு வடிவங்கள், காற்றும் பனியும் பாறையும் நிழலும் இயற்கையில் மரங்களை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதைக் கூர்ந்து நோக்கியவர்கள் வகுத்தவை. ஆகவே, வளர்ப்பவர் விரும்பும் வடிவை மரத்தின்மீது சுமத்தாமல், அதன் தண்டும் வேர்களும் எவ்வடிவுக்கு இடங்கொடுக்கின்றன என்று ஆராய்ந்து தேர்வதே முறையாகும்.

சொக்கன் எனப்படும் நேர்நிமிர் வடிவம், திறந்த வெளியில் தடையின்றி ஓங்கிய சுகி போன்ற ஊசியிலை மரங்களைப் பின்பற்றுவது. இதில் தண்டு அடியில் பருத்து, வளைவின்றி, உச்சிவரை சீராக மெலிய வேண்டும். முதற்கிளை பெரும்பாலும் மொத்த உயரத்தின் மூன்றில் ஒரு பங்கில் அமையும். எளிதெனத் தோன்றும் இவ்வடிவமே மிகக் கடினமானது. ஏனெனில் சிறு கோணலையும் மறைக்க இதில் இடமில்லை. மோயோகி வடிவில் தண்டு வளைந்து வளைந்து ஏறினாலும், உச்சி அடிமரத்திற்கு ஏறத்தாழ நேர்மேலே வந்து நிற்கும். கிளைகள் வளைவுகளின் வெளிப்புறத்தில் அமையும். நாற்றுப்பண்ணைச் செடிகள் பலவற்றின் தண்டு இயல்பாகவே சற்று வளைந்திருப்பதால், தொடக்கநிலையினர் தயங்காமல் இதனையே தேரலாம்.

சாய்ந்த வடிவங்கள் இரண்டும் அடிக்கடி குழப்பப்படுகின்றன. ஷாகன் வடிவில் தண்டு சாய்ந்தாலும் கிளைகள் இருபுறமும் பரவும். கடற்கரையிலும் மலைமுகட்டிலும் ஓயாத காற்றில் நிற்கும் மரத்தை ஒத்த ஃபுக்கினகாஷியிலோ எல்லாக் கிளைகளும் ஒரே திசையில் ஓடும்.

செங்குத்துப் பாறையிலிருந்து பனியின் சுமையால் கீழ்நோக்கித் தொங்கும் மரமே கெங்காய் வடிவின் மூலம். இதன் நுனி தொட்டியின் அடிமட்டத்திற்கும் கீழே இறங்கும். விளிம்புக்குக் கீழே இறங்கி அடிமட்டத்தை எட்டாமல் நின்றால் அது ஹான்கெங்காய். மரம் தன் வீரியத்தை உயர்ந்த நுனிகளுக்கே மிகுதியாகச் செலுத்தும் இயல்புடையதாதலால், தொங்கும் பகுதி மெலிந்துபோகாதிருக்க மேற்பகுதித் தளிர்களை ஓயாமல் கிள்ளிக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. தரையில் படரும் ஜூனிப்பர் இதற்கு நன்கு இணங்கும். நாள்தோறும் கவனிக்க இயலாதவர் ஹான்கெங்காயோடு நிறைவடைவது நல்லது.

புஞ்சின் வடிவம், சீன அறிஞர் ஓவியங்களில் காணும் மெலிந்துயர்ந்த மரங்களிலிருந்து பிறந்தது. அடர்காட்டில் ஒளி மேலிருந்தே கிடைக்க, கீழ்க்கிளைகளை உதிர்த்துவிட்டு உச்சியில் மட்டும் தழைக்கும் மரத்தின் தோற்றம் அது. செம்பைனுக்கு இது பெரிதும் பொருந்தும். கிளைகள் மிகச் சிலவேயாதலால், ஒன்றைத் தவறாக வெட்டினாலும் ஈடுசெய்ய முடியாது.

துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தியதுபோல் கிளைகள் விரியும் ஹோக்கிதாச்சி வடிவம், கேயாக்கி எனப்படும் ஸெல்கோவா மரத்திற்கே உரியது எனலாம். இலையுதிர்ந்த குளிர்காலத்தில்தான் இதன் நுண்கிளைப் பின்னலின் முழு அழகும் புலப்படும். 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின் தோக்கியோவிலிருந்து பெயர்ந்த வளர்ப்பாளர்கள், 1925இல் ஓமியாவில் போன்சாய்க் கிராமம் அமைத்த சைத்தாமா மாகாணத்தின் மரமும் கேயாக்கியே. பைன் முதலியவற்றை இவ்வடிவுக்கு வற்புறுத்துதல் வீண்.

ஸெல்கோவாவும் ஜப்பானியப் பைன்களும் குளிர்கால ஓய்வை வேண்டுவன. ஆகவே, தமிழ்நாட்டுச் சமவெளியில் தொடங்குவோர் அவற்றை நாடாமல், வெட்டைத் தாங்கி விரைந்து தளிர்க்கும் ஆலினத்து மரமொன்றை மோயோகி வடிவில் வளர்க்கத் தொடங்குவதே தக்கது.