கூடாரம் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன் ஒருவனின் அனுபவப் பாடம்)



ஆண்டு மலர் என்றாலே கவிதை, கடி ஜோக், குரூப் போட்டோ என்று புரட்டிவிட்டுப் போவோம். இந்த ரெண்டு பக்கத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். இது நான் பீஸ் கட்டிப் படித்த பாடம்.

ஒரு ஐப்பசி மாதம். நாங்கள் நாலு பேர் ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பில், தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு ராத்திரி தங்கினோம். காலையில் கங்கைகொண்ட சோழபுரம் கோயில் பார்ப்பதாகத் திட்டம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு 'நாலு பேர் கூடாரம்' வாங்கினோம். தேர்ந்தெடுத்தவன் நான். நான் பார்த்தது ரெண்டே விஷயம்: விலை, கலர்!

பதினொரு மணிக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஒரு மணிக்கெல்லாம் போர்வை, துணிமணி எல்லாம் தொப்பல். எங்களில் ஒருவனுக்கு வீசிங் உண்டு. குளிரில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மழையோடு மழையாக பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நல்லவேளை, பிழைத்தான். இந்தக் கட்டுரையை முதலில் படித்துத் திருத்தியதும் அவன்தான். "கடைக்காரனைத் திட்டாதடா, நாமதான் படிக்காம வாங்கினோம்" என்றான். உண்மைதானே! எனவே படிப்போம்.

1. எத்தனை பேர்?

ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கூடாரத்தை டேப் வைத்து அளந்தேன். 200 செ.மீ. நீளம், 200 செ.மீ. அகலம். நாலு பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 50 செ.மீ. புரண்டு படுக்கவே வழியில்லை, பையை எங்கே வைப்பது? பைகளை ஓரத்துத் துணியோடு ஒட்டி வைத்தோம். முதலில் நனைந்தது அதுதான். ஆளுக்கு 60 செ.மீ. அகலமாவது வேண்டும். பையில் எழுதியிருக்கும் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு 'நாலு பேர் கூடாரம்' சரி.

2. தண்ணீர் எவ்வளவு தாங்கும்?

நல்ல கூடாரத்தில் 'ஹைட்ரோஸ்டேட்டிக் ஹெட்' என்று ஒரு எண் இருக்கும். நம்ம ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் படித்த அதே 'ஹெட்'தான். துணியின் மேல் தண்ணீரை நிறுத்தினால் எத்தனை மி.மீ. உயரம் வரை சொட்டாமல் தாங்கும் என்பதே கணக்கு. கூரைக்கு 1500 மி.மீ. இருந்தால் சாதாரண மழைக்குப் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு அதற்கும் மேலே பாருங்கள்.

தரைக்கு இது போதுமா? கணக்குப் போடுவோம். 1500 மி.மீ. என்றால் சதுர செ.மீ.க்கு 0.15 கிலோ அழுத்தம். ஒருவன் முட்டி போடும்போது 30 கிலோ எடை 30 சதுர செ.மீ. மேல் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். சதுர செ.மீ.க்கு 1 கிலோ, அதாவது 10,000 மி.மீ.! ஈரத் தரையில் முட்டி வைத்த இடத்தில் தண்ணீர் ஏன் ஊறியது என்று இப்போது புரிகிறதா? தரைத்துணி 3000 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அடியில் ஒரு தார்ப்பாயும் போடுங்கள். ஆனால் தார்ப்பாய் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. நீட்டினால் மழைத்தண்ணீரைப் பிடித்து அடியில் அனுப்பிவிடும். நாங்கள் செய்த அடுத்த தப்பு அது.

தையல்களின் மேல் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசித் துளை ஒழுகும்.

3. ஒற்றைத் துணியா, இரட்டைத் துணியா?

தூங்கும் மனிதனின் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு ராத்திரியில் ஏறத்தாழ ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். ஒற்றைத் துணிக் கூடாரத்தில் அது கூரையில் படிந்து நம் மேலேயே சொட்டும். உள்ளே கொசுவலைத் துணி, வெளியே மழைத்துணி, நடுவில் காற்று போக இடைவெளி என்று இருப்பதே நம் ஊர் புழுக்கத்துக்கு ஏற்றது. தரைத்துணி சுவரோடு சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். ஜிப்பை எப்போதும் மூடியே வைக்க வேண்டும். முந்திரிச் சருகில் பாம்பும் தேளும் இருக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

4. கம்பியும் முளையும்

முதல்முறை வாங்குபவர்களுக்கு ரெண்டு கம்பி குறுக்கே வளைந்து நிற்கும் குடை வடிவம் சுலபம். ஃபைபர் கம்பி மலிவு, ஆனால் கனம், சிலும்பாய் உடையும். அலுமினியம் விலை கூட, ஆனால் இலேசு. காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்காகும். ஆகவே "சும்மாவே நிக்குதே" என்று கயிறு கட்டாமல் விடாதீர்கள். முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். காய்ந்த செம்மண்ணில் கூடவே வரும் மெல்லிய கம்பி முளை வளைந்துபோகும். உறுதியான முளை தனியாக வாங்குங்கள். மணலில் முளை நிற்காது. சாக்கில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டிப் புதைத்துவிட வேண்டும்.

5. இடம் பாதி, கூடாரம் பாதி

பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில் மழைக்காலப் பாசறை ஒன்று வரும். காட்டுச் செடிகளை வெட்டிச் சீராக்கி, முள்வேலி போட்டு, அதன் பிறகே படை தங்குகிறது. அன்றைக்கே இடம்தான் முதல்! நாங்கள் நிழலாக இருக்கிறதே என்று பள்ளத்தில் போட்டோம். மேட்டுப் பாங்கான இடம் பாருங்கள். தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தடி கூடாது. இடிமின்னலுக்குக் கூடாரம் பாதுகாப்பே இல்லை. இடி கேட்டால் கட்டடத்துக்கோ காருக்குள்ளோ போய்விடுங்கள்.

கொள்ளிடத்து மணல் மெத்தை மாதிரி இருக்கும். ஆனால் ஆற்றுக்குள் தங்கவே தங்காதீர்கள். 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகளே அடித்துப் போயின. நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் மேலே திறந்த தண்ணீர் வந்து சேரும். மலைக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறக்கலாமா?

கூடாரத்துக்குள் அடுப்பு, கொசுவத்தி, மெழுகுவத்தி எதுவும் வேண்டாம். நைலான் உருகி உடம்பில் ஒட்டும். அடுப்பின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

6. ஒத்திகை

வாங்கியதும் கல்லூரி மைதானத்தில் ஒருமுறை கட்டிப் பாருங்கள். மேலே நாலு வாளி தண்ணீர் ஊற்றி, ஒருவன் உள்ளே உட்கார்ந்து ஒழுகுகிறதா என்று பார்க்கட்டும். ஒழுகினால் சிரித்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம். நடுக்காட்டில் ஒழுகினால் சிரிப்பு வராது. ஊர் திரும்பியதும் நிழலில் நன்றாகக் காயவைத்து மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்து மழைப்பூச்சு உரிந்துவிடும். வெயிலிலேயே கிடந்தால் துணி இற்றுப்போகும்.

நண்பர்களே! கம்ப்ரஸிவ் ஸ்ட்ரெங்த் பார்க்காமல் கான்கிரீட்டை ஒத்துக்கொள்ளாத நாம், ஒரு ராத்திரி நம் உயிரை ஒப்படைக்கும் துணியை மட்டும் கலர் பார்த்து வாங்கலாமா? உங்களோடு வருகிறவர்களில் யாருக்கு என்ன உடம்பு என்று முதலில் கேளுங்கள். அவர்கள் மருந்து பையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு கூடாரம் வாங்குங்கள்.

அந்த நாலு பேரும் மறுபடி கிளம்பப் போகிறோம், மாசி மாதத்தில். இந்தத் தடவை டேப் என் கையில், இன்ஹேலர் அவன் சட்டைப்பையில். கங்கைகொண்ட சோழபுரம் இன்னும் பாக்கி இருக்கிறதே!