அறுபதுக்கு மேல் ஒரு பட்டப்படிப்பு: தொலைநிலையில் சமூகப் பணி

நம் சங்கத்து அன்பர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். "பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்காமல் இந்த வயதில் பரீட்சை எதற்கு சார்?" என்பது பெரும்பாலும் ஆண்கள் கேட்பது. "அந்தப் படிப்பை நானும் படிக்கலாமா?" என்பது பெண்கள் கேட்பது. முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. இரண்டாவது கேள்விக்காகத்தான் இக்கட்டுரை.

நான் சிவில் எஞ்சினியரிங் டிப்ளமா படித்து ரயில்வேயில் பாதைப் பிரிவில் சேர்ந்தவன். இட்டார்சி, ஆம்லா, நாக்பூர் என்று 38 ஆண்டுகள் தண்டவாளத்தோடு போயின. எங்கள் பெர்மனென்ட் வே மேனுவலில் எல்லாவற்றுக்கும் பத்தி எண் உண்டு. அகலப் பாதை என்றால் 1676 மில்லிமீட்டர். அது எவ்வளவு விலகலாம், விலகினால் வண்டியை எந்த வேகத்தில் விடலாம் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஒரு கேங்மேன் பணியில் இறந்துபோனால், அவர் மனைவிக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதற்கு மேல் என்ன செய்வது என்று எந்த மேனுவலிலும் இல்லை. அந்தப் பெண் என் எதிரில் உட்கார்ந்து பேசாமல் இருப்பார். நானும் பேசாமல் இருப்பேன். இதற்கென்று ஒரு படிப்பு உண்டு என்பது ஓய்வு பெற்ற பிறகு தெரிந்தது. 2018 ஜூலையில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது இக்னோவில், சமூகப் பணி இளநிலைப் பட்டத்துக்குச் சேர்ந்தேன். 2022ல் முடித்தேன். முதல் கேள்விக்கு இவ்வளவு போதும்.

சமூகப் பணி என்றதும் அன்னதானமும் இலவச வேட்டி சேலையும் நினைவுக்கு வருவது இயல்பு. அவை நல்ல காரியங்கள்தான். நம் சங்கமும் செய்கிறது. ஆனால் பாடமாக இதைப் படிக்கும்போது பார்வை வேறு. ஒருவருக்கு என்ன கொடுக்கலாம் என்பதைவிட, அவருடைய சிக்கல் எங்கே இருக்கிறது, அதை அவரே தீர்த்துக்கொள்ள என்ன தடையாக நிற்கிறது என்று முதலில் கேட்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் என்ற அம்மையார் 1917ல் எழுதிய நூல்தான் இந்த விசாரணை முறைக்கு முதலில் ஒரு ஒழுங்கைக் கொடுத்தது. நம் நாட்டில் இதற்கான முதல் கல்விக்கூடம் 1936ல் பம்பாய் நாக்பாடாவில் சர் தோராப்ஜி டாடா பெயரில் தொடங்கியது. 1944 முதல் அது டாடா சமூக அறிவியல் கழகம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் வந்தது. அங்கெல்லாம் போய் நேரில் படிக்க வயதும் இல்லை, வசதியும் இல்லை என்பவர்களுக்குத்தான் தொலைநிலை வழி.

இக்னோ 1985ல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே பிறந்தது. 1987ல் இரண்டு டிப்ளமாக்களும் 4,528 மாணவர்களுமாகப் பாடம் தொடங்கியது. நம் ஊரில் அதற்கு மண்டல மையம் இருக்கிறது. ஜனவரி, ஜூலை என ஆண்டில் இருமுறை சேர்க்கை. ஜூன், டிசம்பர் என இருமுறை தேர்வு. மூன்றாண்டுப் படிப்பை நான் சேர்ந்த காலத்தில் ஆறு ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம் என்றிருந்தது. பேரக் குழந்தை பிறப்பதற்கும், கண் புரை அறுவைக்கும், ஊரில் நிலத்தகராறுக்கும் இடம் கொடுக்கும் இந்தத் தாராளம்தான் நம் போன்றோருக்குப் பெரிய வசதி. ஒரு தேர்வை விட்டால் அடுத்த தேர்வில் எழுதலாம். ஆனால் ஆபத்தும் இதே தாராளத்தில்தான் இருக்கிறது. என்னோடு சேர்ந்தவர்களில் புத்தகக் கட்டைப் பிரிக்காமலே வைத்துவிட்டவர்கள் உண்டு.

ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்பது இக்னோவின் கணக்கு. 8 கிரெடிட் பாடம் என்றால் 240 மணி. கேட்டால் மலைப்பாக இருக்கும். எங்கள் கீ மேன் எப்படி வேலை செய்வார் தெரியுமா? சுத்தியலும் ஸ்பேனருமாகத் தன் எல்லைக்குட்பட்ட பாதையைத் தினமும் நடந்து பார்ப்பார். முழுப் பிரிவையும் ஒரே நாளில் யாரும் பார்ப்பதில்லை. நான் காலை ஐந்தரை முதல் ஏழு வரை படித்தேன். பால்காரர் வரும் நேரம் வரை யாரும் கூப்பிட மாட்டார்கள். பகலில் படிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன்: ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா இருக்கிறான் என்பது குடும்பத்தாரின் உறுதியான நம்பிக்கை. கேஸ் சிலிண்டர் முதல் மின் கட்டணம் வரை எல்லாம் நம் தலையில்தான்.

பாடங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோ படிக்கலாம். நான் ஆங்கிலத்தில் படித்து, ஒவ்வொரு பகுதியின் சாரத்தையும் தமிழில் அரைப் பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். தமிழில் எழுத வரவில்லை என்றால் அந்தப் பகுதி புரியவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். மகாராஷ்டிரத்திலேயே மராத்தி வழியில் படிக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு நாசிக்கில் 1989ல் அமைந்த யஷ்வந்த்ராவ் சவான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உண்டு. எந்தெந்தப் பட்டங்கள் நடக்கின்றன என்று அங்கேயே விசாரிக்கலாம்.

மதிப்பெண்ணில் 30 விழுக்காடு அசைன்மென்டுக்கு, 70 விழுக்காடு ஆண்டுத் தேர்வுக்கு என்றிருந்தது. இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். அசைன்மென்டைக் கையால்தான் எழுத வேண்டும். மூளையைவிடக் கைதான் எனக்குச் சிரமம் கொடுத்தது. பல ஆண்டுகளாகக் கையெழுத்து மட்டுமே போட்டுப் பழகிய விரல்கள் மூன்று மணி நேரத் தேர்வில் இரண்டாவது மணியிலேயே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தேர்வுக்கு ஆறு வாரம் முன்பிருந்து தினமும் அரை மணி நேரம் விடாமல் எழுதிப் பழகுங்கள். 2020 ஜூன் தேர்வு கொரோனாவால் தள்ளிப்போனபோது அந்த இடைவெளியை நான் முழுவதும் கைப் பயிற்சிக்கே செலவிட்டேன். புத்தகங்கள் கைக்கு வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. இக்னோவின் பாடநூல்கள் இ-ஞான்கோஷ் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இதுவரை சொன்னது எந்தத் தொலைநிலைப் படிப்புக்கும் பொருந்தும். சமூகப் பணியை மற்றவற்றிலிருந்து வேறாக்குவது களப்பணி. ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்குப் போகாமல் இருந்துவிடலாம். களப்பணிக்குப் போகாமல் பட்டம் கிடையாது. ஒரு மேற்பார்வையாளரின் கீழ் ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலை செய்து, ஒவ்வொரு நாளும் குறிப்பேடு எழுத வேண்டும். நான் போனது ரயில் நிலையங்களில் தனியாக வந்து சேரும் குழந்தைகளுக்காக வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனத்துக்கு. முப்பத்தெட்டு வருடம் நடந்த அதே நடைமேடைதான். ஆனால் அப்போது என் கண் தண்டவாளத்தில் இருந்தது.

அங்கே முதல் மாதம் எங்கள் மேற்பார்வையாளர் அம்மையார் கற்பித்தது எழுதும் முறை. "பையன் பிடிவாதமாக இருந்தான் என்று எழுதாதீர்கள். நான்கு முறை பெயர் கேட்டேன், நான்கு முறையும் அவன் கதவையே பார்த்தான் என்று எழுதுங்கள்" என்பார். இது எனக்கு எளிதாக வந்தது. இன்ஸ்பெக்ஷன் நோட்டிலும் அப்படித்தான். பாதை மோசம் என்று எழுதினால் மேலதிகாரி திருப்பி அனுப்புவார், எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும்.

2019ல் ஒரு மாலை. சென்னையிலிருந்து டெல்லி செல்லும் வண்டியிலிருந்து பதினொரு வயதுப் பையன் ஒருவனை ரயில்வே பாதுகாப்புப் படையினர் இறக்கி உதவி மையத்தில் உட்கார வைத்திருந்தார்கள். இந்தியில் கேட்டதற்குப் பதில் இல்லை. தமிழ் தெரிந்தவர் என்று எனக்குப் போன் வந்தது. நான் போவதற்குள் நல்ல மனம் கொண்ட பயணிகள் நான்கைந்து பேர் சூழ்ந்திருந்தார்கள். ஒருவர் டிக்கெட்டுக்குப் பணம் வசூலித்துக்கொண்டிருந்தார். "எதிர் வண்டியில் ஏற்றிவிடுங்கள் சார், காலையில் அம்மாவைப் பார்த்துவிடுவான்" என்றார். அவர் குரலில் இருந்த அக்கறை உண்மையானது. ஆனாலும் அப்படிச் செய்யக் கூடாது என்பதுதான் பாடம். குழந்தை ஏன் வீட்டை விட்டு வந்தது என்று தெரியாமல் அதே வீட்டுக்கு அனுப்புவது, அது எதிலிருந்து தப்பி வந்ததோ அதன் கையிலேயே கொடுப்பதாகவும் ஆகலாம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அத்தகைய குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். எங்கே அனுப்புவது என்பதைக் குழுதான் முடிவு செய்யும்.

நான் அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். "சாப்பிட்டியா தம்பி?" என்றேன். தலையாட்டினான். அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. பெலிக்ஸ் பீஸ்டெக் என்பவர் 1957ல் தனிநபர் பணிக்கு ஏழு நெறிகள் வகுத்தார். ஒருவரைத் தனி மனிதராகப் பார்ப்பது, அவரை உள்ளபடி ஏற்றுக்கொள்வது, தீர்ப்புச் சொல்லாதிருப்பது, தன் முடிவைத் தானே எடுக்க விடுவது, ரகசியம் காப்பது எல்லாம் அவற்றில் அடங்கும். காகிதத்தில் படிக்கும்போது இதிலென்ன இருக்கிறது என்று தோன்றும். நடைமேடையில் ஒரு குழந்தைக்கு அருகில், அறிவுரை சொல்லாமல், ஊர்ப் பெயர் கேட்காமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்! ஒரு சரக்கு வண்டி போனது. எத்தனை வேகன் என்று அவன் எண்ணினான், நானும் எண்ணினேன். ஐம்பத்தெட்டு என்றான். எனக்கும் அதே கணக்கு. அதன் பிறகு பேசினான்.

என்ன சொன்னான் என்று எழுத மாட்டேன். பெயரும் ஊரும் அப்படியே. அத்தகைய குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை அந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்வதற்கில்லை. எதிர் வண்டியில் ஏற்றிவிடாதது சரிதான் என்று மட்டும் சொல்லலாம். பத்தொன்பது நாள் கழித்து, அவன் மாவட்டத்துக் குழுவுடன் பேசி முடித்த பிறகு, துணைக்கு ஆள் வைத்து அனுப்பினார்கள். அவன் போய்ச் சேர்ந்தது அவன் பெற்றோர் வீட்டுக்கு அல்ல. தனியாகத் தவிக்கும் குழந்தையை நீங்கள் பார்த்தால் அழைக்க வேண்டிய எண் 1098. 1996ல் பம்பாயில் தொடங்கிய சேவை இது. 2023 முதல் அரசே நடத்துகிறது. முதியோருக்கான உதவி எண் 14567.

இனி, சேரும் முன் கவனிக்க வேண்டியவை. "ஒரே வருடத்தில் பட்டம்" என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கும் குறிப்பிட்ட அந்தப் பாடத்துக்கும் சேர்த்து யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அவர்களுடைய இணையதளத்தில் அந்த ஆண்டுக்கே பார்க்க வேண்டும். என் போன்ற டிப்ளமாக்காரர்களுக்கு இது வலிக்கும் விஷயம். பதவி உயர்வுக்காகத் தொலைநிலையில் பி.டெக். படித்தவர்கள் எத்தனையோ பேர். உரிய அனுமதி இன்றிச் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வழங்கிய அத்தகைய எஞ்சினியரிங் பட்டங்கள் செல்லாது என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு தேர்வெழுதிக் காப்பாற்றிக்கொள்ள வழி விட்டது. படித்தவர்கள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. கொடுத்தவர்களுக்கு அதிகாரம் இல்லை. அண்மையில், 2025ல், உளவியல் உள்ளிட்ட சில பாடங்களையும் தொலைநிலையில் நடத்தக் கூடாதென்று யுஜிசி நிறுத்தியது. ஆகவே பக்கத்து வீட்டுப் பெண் மூன்று வருடம் முன்பு படித்தாள் என்பது இந்த வருடத்துக்கு ஆதாரம் ஆகாது. மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தம் மாநிலத்துக்கு வெளியே மையம் வைக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்கவும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் நாக்பூர் மையம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். எதையாவது முடித்துவிட்டுத் திருமணத்தோடு நிறுத்திய சகோதரிகள் நம் சங்கத்தில் குறைந்தது இருபது பேராவது இருப்பார்கள். உங்களுக்கு இளநிலைப் பட்டம் மறுபடியும் தேவையில்லை. எந்தப் பட்டம் இருந்தாலும் நேரே சமூகப் பணி முதுநிலைக்கு விண்ணப்பிக்கலாம், இரண்டாண்டுப் படிப்பு. மருத்துவமனைகள், குழந்தைகள் இல்லங்கள், தொண்டு நிறுவனங்கள், தொழிற்சாலைகளின் தொழிலாளர் நலப் பிரிவு ஆகியவற்றில் அந்தப் பட்டத்துக்கு வேலை இருக்கிறது. சம்பளம் பெரிதாக இராது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் பேசத் தெரிந்தவர்கள் நீங்கள். அன்று அந்த உதவி மையத்தில் அப்படி ஒருவர் கூட இல்லை.

டிப்ளமா மட்டும் உள்ளவர்கள், அது ப்ளஸ் டூவுக்கு இணையாக ஏற்கப்படுமா என்று மண்டல மையத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு சேரவும். என் பாடப் புத்தகங்களையும் தமிழ்க் குறிப்புகளையும் சங்க நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். களப்பணிக் குறிப்பேட்டைக் கேட்க வேண்டாம். அது அங்கே இல்லை. விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுவோர் ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நூலகத்துக்கு வரலாம். மதிப்பெண் பட்டியல்களின் அசலையும் ஒரு நகலையும் கொண்டு வரவும்.